மஞ்சக்கயிறு சோப்பு

ஜப்பான்காரன் காலத்தில் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது சோப்பு. ரயில்வேயில் இருந்த அண்ணனை சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். மிச்சம் அண்ணி, அவருடைய இரண்டு பிள்ளைகள், நான். கடைகளில் சோப்பே இல்லை. செம்பனை எண்ணெயும் சாம்பல் நீரும் சேர்த்துக் காய்ச்சிப் பார்க்கலாமா என்று அண்ணி கேட்டு முடிப்பதற்குள் நான் விறகு பொறுக்கப் போய்விட்டேன்.

பலமுறை கூழாகி, கடைசியில் கட்டியானது. கட்டையில் நட்சத்திரம் செதுக்கி ஒவ்வொன்றிலும் பதித்தேன். காகிதம் கிடைக்காததால் வாழைச்சருகில் மடித்தோம். புதுத் தொழில், மங்கலமாக இருக்கட்டும் என்று அண்ணி கட்டுகிற நூலை மஞ்சளில் தோய்த்தார். நான் சைக்கிளில் கிள்ளான் பாசாருக்கு, அந்த ஊர்ச் சந்தைக்கு, கொண்டுபோனேன். மதியத்துக்குள் கூடை காலி. எல்லாம் என் வாய்ச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுவாரம் கிள்ளானில் சோப்பு காய்ச்சும் பாய் ஒருவர் எங்கள் வாசலில் வந்து இறங்கினார். ஒரு கையில் எங்கள் சோப்பு, மறு கையில் அவருடையது. அவருடைய முத்திரை பிறை. மற்றபடி அதே சருகு, அதே மஞ்சள் நூல்.

“என் சோப்புன்னு நெனச்சு உங்களோடத வாங்கிட்டுப் போறாங்க தம்பி. கை எரியுதுன்னு என்கிட்ட வந்து கத்துறாங்க.”

நான் ஜப்பான் சண்டைக்கு முன் ஒரு வக்கீல் ஆபீசில் வியாபார முத்திரை வழக்குக் கடிதங்கள் டைப் அடித்தவன். விடுவேனா? “உங்களது பிறை, எங்களது நட்சத்திரம். மஞ்சள் நூல் யாருக்கும் சொந்தமில்ல பாய்.”

“சருக பிரிச்சாத்தானே முத்திர தெரியும். பாசார்ல வந்து பாரு லா. மஞ்சக்கயிறு குடுன்னுதான் கேக்குறாங்க.”

யாரும் பிரித்துப் பார்க்காமல் எடுத்துப்போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“போலீசுக்குப் போயிராதீங்க அண்ணே,” என்றார் அண்ணி. “இத விட்டா பிள்ளைங்களுக்கு மரவள்ளிகூட இல்ல.”

“அங்க போனா புகார் குடுத்தவன் மட்டும் திரும்பி வருவானா தங்கச்சி? நூல மாத்துங்க, போதும்.”

“மாத்துனா எங்கள யாரு நம்பி வாங்குவா?”

“மஞ்சக்கயிறு மாதிரியே நுரைக்கும்னு சொல்லி விக்கிறோம்,” என்றேன் நான்.

பாய் தண்ணீர் கேட்டு வாங்கி எங்கள் சோப்பைக் கையில் தேய்த்தார். முகம் சுளித்தது. “என் பேரச் சொல்லிக்க. ஆனா மாதிரின்னா மாதிரி இருக்கணும். இது காயவே இல்லையே, அதான் எரியுது.”

“காயட்டும்னு நானும் சொன்னேன். தம்பிக்கு பாசார் ஓடிருமோன்னு பயம்,” என்றார் அண்ணி. பாய் சிரித்துவிட்டார்.

அடுத்த ஈடு நன்றாகக் காயும்வரை அண்ணி என்னை அதன் கிட்டேயே விடவில்லை. வேலியோரச் சங்குப்பூவைக் கசக்கி நூலுக்கு நீலம் ஏற்றினோம். பாசாரில் பாய்க்கு எதிர்வரிசையில் உட்கார்ந்து கூவினேன்: “நீலக்கயிறு சோப்பு, மஞ்சக்கயிறு மாதிரியே நுரைக்கும்.”

“மாதிரிதான், அது இல்ல,” என்று பாய் அங்கிருந்தே பதில் கூவுவார். ஜனம் சிரிக்கும். வாங்குவது என்னவோ அவரிடம். பாதிக் கூடையோடு திரும்புவேன். பிள்ளைகள் கூடையைத்தான் முதலில் எட்டிப் பார்ப்பார்கள்.

பிறகு ஒருநாள் பாயின் எண்ணெயை எல்லாம் ஜப்பான்காரன் லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அவருக்குக் காய்ச்ச ஒன்றுமில்லை. அன்றும் தன் இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். மஞ்சக்கயிறு கேட்டு வந்த அம்மாவிடம் வெறுங்கூடையைக் காட்டிவிட்டு என் பக்கம் கைநீட்டினார்.

“அந்த நீலக்கயிறு வாங்கிக்கம்மா. நம்மளது மாதிரிதான்.”

வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். நான் கூவ வேண்டியிருக்கவில்லை. சண்டை முடியும்வரை எங்கள் அடுப்பு எரிந்தது அவர் கொடுத்த அந்த வாக்கால்தான். எத்தனை முறை நன்றி சொன்னாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

அவர் முதலில் என் பக்கம் கைநீட்டிய அன்று, கிளம்பும்போது எடுத்துவைத்திருந்த கடைசிக் கட்டியை அவர் கூடையில் போட்டேன். அவர் நூலை அவிழ்த்து, நட்சத்திரத்தைத் தடவிப் பார்த்தார்.

“காஞ்சிருச்சா?”

“காஞ்சிருச்சு பாய்.”