வெயிலில் பார்க்காத திரை

அந்த ஸ்டூடியோவில் அவளுக்கு ரப்பர் அக்கா என்று பெயர். பரு, மச்சம், நெற்றியில் தையல் போட்ட வடு, முன்பல்லில் கறை, எதுவானாலும் கணினியில் அவள் கைபட்டால் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். "கல்யாண போட்டோவில மாப்பிள்ளைக்குப் பக்கத்தில நின்ன மாமனாரையே காணாமப் பண்ணினவங்க" என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார். அது பொய்யன்று. சம்பந்திகளுக்குள் மனத்தாங்கல் வந்து, பிள்ளை வீட்டார் கேட்டு வாங்கிப்போன படம் அது. மாமனார் நின்ற இடத்தில் இப்போது ஒரு பூந்தொட்டி இருக்கிறது.

அவளுடைய இடக் கன்னத்திலும் ஒரு தழும்பு உண்டு. நடை பழகும் வயதில் வெந்நீர் கொட்டியதால் வந்தது. ஒரே ஒரு முறை அதுவும் அழிக்கப்பட்டது. கல்யாண வயதில் ஒரு வரன் வந்தபோது, படம் எடுக்க இதே ஸ்டூடியோவுக்குத்தான் போனாள். முதலாளி அப்போது இளைஞர், இரக்க சுபாவம் உள்ளவர். கேட்காமலே அந்தத் தழும்பைத் துடைத்துவிட்டுப் படத்தைக் கொடுத்தார். படத்தைப் பார்த்து மயங்கி நேரில் வந்த மாப்பிள்ளை, அவளைப் பார்த்தான், கையிலிருந்த படத்தைப் பார்த்தான், பிறகு அவள் அப்பாவிடம் மிகுந்த மரியாதையோடு, "போட்டோவில இருக்கிறது இவங்க தங்கச்சிங்களா?" என்று கேட்டான்.

மறுநாள் சண்டை போடுவதற்காக ஸ்டூடியோவுக்குப் போனவள், அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். முதலாளிக்குக் குற்ற உணர்ச்சி. அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. எப்படி அழித்தீர்கள் என்று அவள் கேட்க, அவர் சொல்லிக்கொடுக்க, அப்படித் தொடங்கியது.

அவள் அமர்ந்த அறை ஸ்டூடியோவின் பின்கட்டில் இருந்தது. திரையின் நிறங்கள் உள்ளபடி தெரிய வேண்டும் என்பதால் சன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டிருந்தார்கள். வெளியே மழையா வெயிலா என்பது உள்ளே வருகிறவர்களின் தலையைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரியும். படம் எடுக்கவும் அவள் பழகியிருந்தாள். ஆனால் வெளி வேலை வந்தால் ஆண்களே போவார்கள். ஒருமுறை வாய்விட்டே கேட்டாள்.

"வெளி வேலைக்கு நானும் ஒரு தடவை போயிட்டு வரேனே, சார்."

"உங்களை அனுப்பிட்டு நான் இங்க உட்கார்ந்து ஈ ஓட்டவா? உங்க கை யாருக்கும்மா வரும்?"

பாராட்டுப் போலத்தான் இருந்தது. கதவைச் சாத்தியது அப்புறம்தான் உறைத்தது.

அவள் தம்பி பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அவளும் தம்பி குடும்பத்தோடுதான் இருந்தாள். ஒருநாள் அவன் வேலை முடிந்து வந்து, கை கூடக் கழுவாமல் அவள் எதிரில் உட்கார்ந்தான்.

"அக்கா, டிப்போவில நாங்க பெரியண்ணன்னு கூப்பிடுற டிரைவர் ரிட்டயர் ஆகிறார். எல்லாரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுக்கணுமாம். எங்க அக்கா எடுப்பான்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்."

"என்கிட்ட ஏதுடா கேமரா?"

"வாங்கு. இது நல்லா வந்தா எல்லா டிப்போ ஆளுங்களுக்கும் அடையாள அட்டை போட்டோ உனக்குத்தான்னு அவர் வாயாலேயே சொன்னார். அப்புறம் அந்த இருட்டு ரூம்ல நீ எதுக்கு உட்காரணும்?"

அன்றே அவள் முடிவு செய்துவிட்டாள். அடுத்த மாதத்திலிருந்து வரமாட்டேன் என்று முதலாளியிடம் சொன்னாள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

புதுக் கேமரா வாங்கக் கையில் தெம்பில்லை. பத்திரிகைக்குப் படம் எடுத்து ஓய்ந்த ஒருவர் தம்முடையதை விற்பதாகக் கேள்விப்பட்டுப் போனாள். கையடக்கமான கேமரா. கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரம் கிடையாது. பின்னால் உள்ள திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். திரையில் எந்த இடத்தில் விரல் படுகிறதோ, அந்த இடம் படத்தில் துல்லியமாக விழும், மற்றவை கலங்கும். எல்லாம் சரியாக இருந்தது. திரையின் மேல்பூச்சு மட்டும் அங்கங்கே உரிந்து, வெளிறிய திட்டுத் திட்டாக நின்றது.

"மேல் தோல்தாம்மா உரிஞ்சிருக்கு. படத்தில ஒண்ணும் வராது" என்றார் விற்றவர். "அது பாட்டுக்குக் கிடக்கட்டும். அதைத் தேய்ச்சு எடுக்க மட்டும் பார்க்காதீங்க."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. பழைய பொருளை விற்கிறவர்கள் ஆயிரம் சொல்வார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தம்பி மனைவி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி இது, தேமல் பிடிச்ச மூஞ்சி மாதிரி இருக்கு?"

"திரையிலதாம்மா. படம் சுத்தமா வரும்."

"வரட்டும், வரட்டும். பார்க்கிறவங்க முதல்ல இதைத்தானே பார்ப்பாங்க?"

அந்தப் பேச்சை அவள் ஒதுக்கிவிட்டாள். ஆனால் இடம் பார்க்கப் பணிமனைக்குப் போனபோது, அலுவலக எழுத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேமராவை எட்டிப் பார்த்தார். "என்னங்க, கேமராவுக்குச் சொறி வந்திருக்கா? கிட்ட வராதீங்க, எங்களுக்கும் ஒட்டிக்கப்போகுது" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான், சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிவுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், வீட்டில் யாரும் இல்லாத நேரம், மேசைமேல் துண்டை விரித்துக் கேமராவைக் குப்புற வைத்தாள். பஞ்சில் பற்பசையைத் தொட்டுத் தேய்த்தால் மேல்பூச்சு முழுவதும் வந்துவிடும் என்று பழுது பார்க்கிற கடையில் யாரோ சொன்னது நினைவிலிருந்தது. ஓரத்தில் ஒரு திட்டைத் தேய்த்தாள். வந்தது. வந்த இடம் பளிச்சென்று இருக்கவே, வராத இடம் இன்னும் அசிங்கமாகத் தெரிந்தது. அதன்பின் அவள் கை நிற்கவில்லை. வாழ்நாள் முழுவதும் செய்த வேலைதானே? மூலையிலிருந்து தொடங்கி, வட்டம் வட்டமாக, அவசரப்படாமல், ஒரு பொட்டு மிச்சமில்லாமல் தேய்த்து எடுத்தாள். முடிந்தபோது திரை கடையிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல மின்னியது. அறைக்குள் நான்கு பக்கமும் திருப்பிப் படம் எடுத்துப் பார்த்தாள். துல்லியமாக இருந்தது. மறுநாள் ஸ்டூடியோவின் பின்னறையிலும் எடுத்துப் பார்த்தாள். அங்கும் துல்லியம்.

வெயிலில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வெயிலில் வேலை செய்தவளாக இருந்தால் தோன்றியிருக்கும்.

பணிமனையில் காலை ஆட்களும் மாலை ஆட்களும் ஒன்றாக நிற்பது, உச்சிப் பொழுதில் வண்டி கைமாறும் அந்தச் சிறு இடைவெளியில் மட்டுந்தான். ஓட்டுநர்கள், நடத்துநர்கள், மெக்கானிக்குகள், அலுவலக எழுத்தர் எல்லாரும் மூன்று வரிசையாக நின்றார்கள். முன்வரிசை நடுவில், நாற்காலியில், பெரியண்ணன் என்று எல்லாரும் அழைக்கும் அந்த ஓட்டுநர். அவர்களுக்குப் பின்னால் அவர் ஓட்டிய பேருந்து, கழுவித் துடைத்து நிறுத்தப்பட்டிருந்தது. தரை முழுவதும் சிமெண்ட். மேலேயிருந்தும் கீழேயிருந்தும் வெளிச்சம் கண்ணைக் குத்தியது.

அவள் கேமராவைத் தூக்கித் திரையைப் பார்த்தாள். திரையில் அவள் முகம் இருந்தது.

வரிசையைக் காணோம், பேருந்தைக் காணோம். அவளுடைய நெற்றி வியர்வை, கண்ணோரச் சுருக்கம், இடக் கன்னத்துத் தழும்பு, எல்லாம் அச்சு அசலாக, எதுவும் அழிக்கப்படாமல் தெரிந்தன. அவள் உரித்தெடுத்த அந்தத் தோல் அழகுக்காகப் போடப்பட்டதன்று. வெளிச்சம் எதிரொளிக்காமல் இருப்பதற்காகப் போடப்பட்டது. அது அவளுக்கு அந்த நொடியில்தான் விளங்கியது.

கையால் மறைத்துப் பார்த்தாள். பயனில்லை. இந்தப் பக்கம் சாய்ந்தாள், அந்தப் பக்கம் சாய்ந்தாள்.

"என்னக்கா, பவுடர் போட்டுக்கிறீங்களா?" என்று பின்வரிசையில் ஒருவன் கேட்டான்.

"சீக்கிரம் எடுங்கக்கா, பஸ் ஸ்டாப்ல ஜனங்க என்னைத் திட்டித் தீர்த்திடுவாங்க" என்றான் இன்னொருவன்.

"விடுங்கப்பா" என்றார் பெரியண்ணன். "அவங்களும் வெயில்லதானே நிக்கிறாங்க."

பதற்றத்தில் அவள் தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தாள். கைக்குட்டையை எடுத்துத் திரையை அழுத்தித் துடைத்தாள். துடைத்த விரல் எங்கே போய் நின்றதோ, துல்லியம் அங்கே போய் நின்றது. அது எந்த இடம் என்று காட்டும் சின்னச் சதுரம் திரையில் இருந்திருக்கும். அவளுக்குத் தெரிந்தது தன் முகம் மட்டுமே. குத்துமதிப்பாகக் கேமராவைப் பிடித்து, "எல்லாரும் சிரிங்க" என்றாள். சிரித்தார்கள். எடுத்தாள், எடுத்தாள், அடுத்தடுத்து எடுத்துக்கொண்டே இருந்தாள். ஒரு வண்டி ஒலியெழுப்பியது. வரிசை கலைந்தது. பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறின.

பயணச்சீட்டு அறையின் நிழலில் போய் நின்று பார்த்தாள். எல்லாப் படமும் ஒரே மாதிரி. பேருந்து அற்புதமாக விழுந்திருந்தது. முன்கண்ணாடியில் ஒட்டிச் செத்திருந்த பூச்சியின் சிறகைக்கூட எண்ணலாம். அதற்கு முன்னால் நின்ற மனிதர்கள் எல்லாரும் நீரில் விழுந்த நிழல்களாகக் கலங்கியிருந்தார்கள். முகத்தில் இருப்பதை அழிக்க அவளுக்குத் தெரியும். இல்லாத முகத்தைக் கொண்டுவர யாருக்குத் தெரியும்?

தம்பி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான், சிறிதாக்கிப் பார்த்தான். "இதில நான் எங்கே நிக்கிறேன்?" என்று மெதுவாகக் கேட்டான். அதோடு சரி. திட்டியிருந்தால் தேவலை. அவன் மனைவி அந்த வாரக் கடைசியில், மேசைமேல் கிடந்த கேமராவின் திரையைப் பார்த்துத் தலையைக் கோதிக்கொண்டே, "நல்லாத்தான் துடைச்சிருக்கீங்க அண்ணி" என்றாள்.

மேனேஜர் கோபப்படவே இல்லை. "பரவாயில்லம்மா" என்றார். அந்தப் பரவாயில்லைக்குப் பிறகு பேச ஒன்றும் மிச்சமில்லை. அடையாள அட்டை வேலை அவளுடைய ஸ்டூடியோவுக்கே போனது.

மாதம் பிறந்தது. அவள் வழக்கமான நேரத்துக்கு ஸ்டூடியோவுக்குள் நுழைந்தாள். முதலாளி நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றுமே நடவாததுபோல, "வாங்க. சேர்ல யாரையும் உட்கார வைக்கல" என்றார்.

"ஏன் சார்?"

"எனக்குத் தெரியாதா?"

இரக்க சுபாவம் உள்ளவர்தான். இன்றைக்கும் அப்படித்தான்.

சில நாள் கழித்துப் பெரியண்ணன் வந்தார். கையில் அந்தப் படத்தின் பிரதி. அவள் கன்னத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"நீங்கதானேம்மா எடுத்தது?"

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "ஆமாங்க. மன்னிச்சிடுங்க. என்னால…"

"அட, உட்காருங்க. வண்டியை எவ்வளவு நல்லா எடுத்திருக்கீங்க! என் வீட்டுக்காரி பார்த்திட்டு, உங்களைவிட வண்டிதான் லட்சணமா இருக்குன்னு சொல்லிட்டா." அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிக்க வரவில்லை. "எனக்கு ஒரு உதவி பண்ணணும். முன்னால நிக்கிற ஆளுங்களை எல்லாம் எடுத்திடுங்க. வண்டியை மட்டும் பெரிசாப் போட்டுக் கொடுங்க. கீழ்ப்பாதி மறைஞ்சிருக்கு, அதையும் நீங்களே ஒட்டுப்போட்டுச் சரி பண்ணிடுவீங்கன்னு சொன்னாங்க."

"உங்களையுமா?"

"அதில இருக்கிறது நான்தான்னு யாருக்குத் தெரியும்? எனக்கே தெரியல."

அவர் போனபின் அவள் கறுப்புத் துணியை இழுத்துவிட்டு அமர்ந்தாள். கடைசி வரிசையின் ஓரத்தில் நின்ற தம்பியிலிருந்து தொடங்கினாள். பவுடர் போடுகிறீர்களா என்று கேட்டவன் போனான். அலுவலக எழுத்தர் போனார். அவர்கள் நின்ற இடத்தில் பேருந்தின் தகரத்தை, விளக்கை, சக்கரத்தை, வேறு வண்டிகளிலிருந்து வெட்டியெடுத்து இழைத்துப் பொருத்தினாள். பெரியண்ணனைக் கடைசிவரை விட்டுவைத்திருந்தாள். கலங்கலாக இருந்தாலும் அவர் சிரித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அவரையும் அழித்தாள். ஆளில்லாத பணிமனையில், ஆளில்லாத பேருந்து, இப்போதுதான் கழுவித் துடைத்ததுபோல நின்றது. ஒட்டுப் போட்ட இடம் ஊசிமுனையளவுகூடத் தெரியவில்லை.

முதலாளி அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இதுக்குத்தான் நீங்க வேணும்கிறது" என்றார்.