ஏழுக்கு முன்னால் ஓர் ஒன்று

குன்னூர் பஜாரில் அப்துல் கஃபார் பாயின் இரும்புக் கடைக்கும் என் தையல் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர். எழுபதுகளின் கடைசியில் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பாலாமணி சுத்தியலால் தட்டுவாள், இந்தப் பக்கம் நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நிக்கர் தைப்பேன். கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தவள், முழங்கால் வலி வந்த பிறகு பாய் கடைக்கு வந்து சேர்ந்தாள்.

அவளுக்கு அங்கே ஒரே வேலைதான். கோயமுத்தூர்ப் பக்கத்துப் பட்டறை ஒன்றிலிருந்து கவ்வாத்துக் கத்திகள் பெட்டி பெட்டியாக வரும். தேயிலைச் செடியைக் கழித்துவிடுவதற்கான, நுனி வளைந்த கத்தி. எல்லாக் கத்தியிலும் பிடியை ஒட்டி ஏழு என்று எண் அடித்திருக்கும், அதற்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருக்கும். பாதிக் கத்திகளில் அந்த இடத்தில் பாலாமணி அச்சு வைத்து ஓர் ஒன்றை அடிப்பாள். ஏழு என்றால் சின்னத் தோட்டக்காரர்களுக்கு, பதினேழு என்றால் எஸ்டேட்டுக்கு. இரும்பு ஒன்று, உலை ஒன்று, பிடிக்குப் போட்ட மரம்கூட ஒன்று. விலை மட்டும் வேறு, பதினேழுக்குக் கூட.

ஏன் இந்த வேலை என்று பாயிடமே ஒருநாள் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை, டீ வேறு வாங்கிக் கொடுத்தார்.

"எஸ்டேட்ல பில்லுக்குப் பணம் வர்றதுக்குள்ள அடுத்த சீசனே வந்துருமுங்க. சின்னத் தோட்டக்காரரு கையில காசோட வருவாரு, ஆனா மேல்கடையில வெலை கேட்டுட்டுத்தான் இங்க படியேறுவாரு. ரெண்டு பேருக்கும் ஒரே வெலை எப்படிங்க கட்டும்? நம்பர் ஒரே மாதிரி இருந்தா நம்மளக் கேள்வி கேப்பாங்க. வேற வேறயா இருந்தா, பதிலையும் அவங்களே சொல்லிக்குவாங்க."

சொல்லிக்கொள்ளத்தான் செய்தார்கள். ஏழு என்றால் கைக்கு இலேசு, தோள் வலிக்காது என்றார்கள் சின்னத் தோட்டக்காரர்கள். பதினேழு என்றால் சீமை எஃகு என்றார்கள் எஸ்டேட்டில். பாய் இரண்டையும் சொன்னதும் இல்லை, மறுத்ததும் இல்லை. மறுக்காமல் இருப்பதில் அந்த மனிதரை மிஞ்ச ஆள் கிடையாது.

பாலாமணி சேர்ந்த அன்றே, இங்கே நடப்பது ஊட்டுக்காரருக்குக்கூடத் தெரியக் கூடாது என்று அவளிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். காரணம் இருந்தது. அவள் வீட்டுக்காரர் மயில்சாமி எஸ்டேட்டில் கவ்வாத்து வெட்டுகிறவர், அவர் கையில் இருந்ததே ஒரு பதினேழுதான். பெண்டாட்டி கடையில் கத்திகளைத் துடைத்து எண்ணெய் போட்டு அடுக்குகிறாள் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

ஆனால் பாலாமணி, யாரும் கேட்காத ஒரு காரியம் செய்தாள். கைக்கு வந்த கத்தியிலெல்லாம் ஒன்று அடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து விளிம்பை வெளிச்சத்தில் பார்ப்பாள். இரும்புக் கட்டையில் ஒரு தட்டுத் தட்டிக் காதோரம் வைத்துக் கேட்பாள். ஓசை நீண்டு நின்றால் பதினேழு, சட்டென்று அடங்கினால் ஏழு. "கூட வெலை குடுத்து வாங்கறாங்கல்லங்க, நல்லதாத்தான் குடுக்கோணும்" என்பாள். வேலை தாமதமாகிறதே என்று பாய்க்கு எரிச்சல்தான். ஆனால் தானாக யோக்கியமாக இருக்கிற ஒருத்தியை எப்படித் தடுப்பது என்று அவருக்கும் தெரியவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு கவ்வாத்து சீசன் தொடங்குவதற்குச் சில நாள் முன்னால் மயில்சாமி விறகு பிளக்க எஸ்டேட் கத்தியை எடுத்தார். கத்தி இரண்டாக ஒடிந்தது. எஸ்டேட் கத்தியால் சொந்த வேலை செய்யக் கூடாது. சீசன் தொடங்கும் திங்கட்கிழமை காலையில் சூப்பர்வைசர் கொர்னேலியஸ் ஒவ்வொருவர் கத்தியாக வாங்கி எண்ணைப் பார்ப்பார். பதினேழு இல்லாத ஆள் களை பிடுங்கத்தான் போக வேண்டும். மயில்சாமிக்குக் கவ்வாத்தை விட்டால் வேறு பெருமை கிடையாது. தொழிலாளர்களின் லைன் வீடுகளில் அவரைக் கவ்வாத்து மயில்சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். மனிதர் தட்டில் போட்ட சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"பாய்கிட்டச் சொல்லி ஒரு பதினேழு வாங்கிட்டு வா பாலாமணி. அவுரு கடையில இல்லாததா?"

உண்மையிலேயே இல்லை. அந்தச் சீசனுக்கான பதினேழெல்லாம் எஸ்டேட்டுகளுக்குப் போயாகிவிட்டது. பெட்டியில் மிச்சம் கிடந்தவை, அவளே தட்டிப் பார்த்துக் கழித்த ஏழுகள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் பாயிடம் விஷயத்தைச் சொன்னாள். பலகைச் சுவர் எதையும் மறைக்காது, எல்லாம் எனக்குக் கேட்டது.

"இதுக்கு எதுக்கு அம்மிணி அழுகறே? இதுல ஒண்ணை எடுத்து அடி. காசும் வேண்டாம்."

"இது ஏழுங்க பாய்."

"அடிச்சா பதினேழு."

"அதெப்படிங்க? இதுல ஓசையே இல்லீங்க. இதுக்குப் போயி ஒண்ணு அடிச்சா ஏமாத்து வேலையாயிருமுங்க."

பாய் கடையில், பாய் சம்பளத்தில், பாய் கொடுத்த அச்சைக் கையில் வைத்துக்கொண்டு ஏமாற்று வேலை கூடாது என்கிறாள். வாயில் ஊசி இருந்ததால் நான் சிரிக்காமல் தப்பித்தேன்.

"சரி, அப்ப திங்கக்கெழமை உம் புருசன் களை புடுங்கட்டும்" என்றார் பாய்.

வெகு நேரம் கழித்து ஒரே ஒரு சுத்தியல் அடி விழுந்தது. கடையை விட்டு இறங்கி என் வாசலைத் தாண்டும்போது அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே போனாள். எனக்கிருந்த சிரிப்பும் போய்விட்டது.

திங்கட்கிழமை கொர்னேலியஸ் எண்ணைத் தடவிப் பார்த்துவிட்டு மயில்சாமியைக் கவ்வாத்துக் கூட்டத்தில் நிற்கச் சொன்னாராம். பாலாமணிக்கு அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. அந்த மட்டக் கத்தி வழுக்கி அவர் காலை வெட்டிவிடும், செடியெல்லாம் பிளந்து மானம் போகும் என்று பயந்து செத்தாள். சாயங்காலம் நடந்ததை மறுநாள் பட்டன் வாங்குகிற சாக்கில் வந்து அவளே எனக்குச் சொன்னாள்.

மயில்சாமி சிரித்த முகமாக வீட்டுக்கு வந்திருக்கிறார்.

"இத்தன வருசத்துல இப்படி ஒரு கத்தி என் கைக்கு வந்ததே இல்ல புள்ள. ஒரே இழுப்புல வழவழன்னு வெட்டு விழுது. கொர்னேலியஸே மத்தவங்களக் கூப்பிட்டுக் காட்டுனாரு."

புருஷன் பெருமை தப்பித்தது, அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவளோ சந்தோஷப்படவில்லை. இத்தனை வருஷம் தட்டித் தட்டிக் காதில் வைத்துக் கேட்டதெல்லாம் எதற்கு என்று ஆகிவிட்டது. பாய்க்குக் கொடுத்த வாக்கு அதோடு போயிற்று.

"அது பதினேழு இல்லீங்க. நான் கழிச்சுப் போட்ட ஏழு. அந்த ஒண்ணை நான்தான் அடிச்சேன். எல்லாக் கத்தியிலயும் நான்தானுங்க அடிக்கறேன்."

மயில்சாமி கோபப்படவில்லை. கத்தியை விளக்குக்கு நேராகத் திருப்பி, பிடியை ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் துடைத்து அவளிடம் காட்டினார்.

"ஏழுல எங்க புள்ள இப்படி வெட்டு விழும்? நல்லாப் பாரு. கம்பெனிக்காரனே பதினேழுன்னு அடிச்சுக் குடுத்திருக்கான்."

அவள் பார்த்தாள். அந்த ஒன்று கொஞ்சம் சாய்ந்திருந்தது. சனிக்கிழமை அழுதுகொண்டே அவள் அடித்த ஒன்று அது.

"ஆமாங்க" என்றாள்.