சாக்குக் குடோன் எரிந்த மதியமும் என் ஸ்கேனரும்

கர்ர்ர்... அப்புறம் ஒரு தும்மல். அதற்கப்புறம்தான் மலையாளத்தில் அந்தக் குரல் பேச ஆரம்பிக்கும்.

தொண்ணூறுகளின் கடைசி. மலையாளக் கரையில், சாலை என்றே பேர் வாங்கின கடைத்தெருவில், எங்கள் ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில்தான் வீடு. கீழே மிளகாய் மூட்டை இறக்கினால் மாடியில் நான் இருமுவேன். துபாயிலிருந்து வந்த என் தம்பி, என் வீட்டுக்காரருக்கென்று ஒரு ஸ்கேனர் கொண்டுவந்தான். கைக்குள் அடங்குகிற ரேடியோ. பாட்டு வராது, வயர்லெஸ்ஸில் பேசுகிறவர்களின் பேச்சு வரும். அவருக்கு அதில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒரே வாரத்தில் அது என் அடுப்படிக்கு வந்துவிட்டது.

விமான நிலையத்து டவர், ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டிகள்... தேங்காய் துருவிக்கொண்டே எல்லாம் கேட்பேன். தீயணைப்பு கன்ட்ரோல் ரூமில் ஒருவர் தும்மாமல் பேசவே மாட்டார். ஜலதோஷக்காரர் என்று பெயர் வைத்தேன். அவர் ரெண்டு நாள் லீவு போட்டால் எனக்குக் கவலையாக இருக்கும்.

லைசென்ஸ் இல்லாமல் கேட்கக் கூடாதுதான். தெரிந்தேதான் கேட்டேன். அதற்காக நானே ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன்: காதில் விழுந்தது வாய்க்கு வரக் கூடாது.

ஒரு நாள் மதியம் அந்தச் சட்டத்தை உடைத்தேன்.

பின்தெருவில் சாக்குக் குடோனில் தீ. "லாரி குறுக்கே கிடக்குந்நு, வண்டி கேறுந்நில்லா!" என்று உள்ளே நுழைய முடியாமல் தீயணைப்பு வண்டியின் டிரைவர் கத்துகிறார். வேறு வழி உண்டா என்று ஜலதோஷக்காரர் கேட்கிறார். வேறு வழி கிடையாது, எனக்குத் தெரியும். அரிசி லாரியைப் பாதி இறக்கிவிட்டு, டிரைவரும் சுமட்டுத் தொழிலாளிகளும் சாப்பிடப் போயிருந்தார்கள். ஒரு மணிக்கு யூனியன் ஆட்கள் இலை முன்னால் உட்கார்ந்துவிட்டால் சாலையில் ஒரு மூட்டை நகராது.

மஞ்சள் கையோடு இறங்கி ஓடினேன். ஹோட்டலில் அவர்களுடைய லீடர் சுகுமாரன் சேட்டன் மீன்கறியைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தார்.

"சேட்டா, சாக்குக் குடோன் எரியுது! உங்க லாரி குறுக்க நிக்கி, பயர் வண்டி கேற முடியல. எழும்புங்க!"

"ஊணு கழிச்சிட்டு..." என்று யாரோ இழுத்தார்.

"உங்க ஊணு இங்கயே கிடக்கும். குடோனுக்கு மேல டெய்லர் வீட்டுப் பிள்ளைங்க ரெண்டு இருக்கு!"

அத்தனை பேரும் எச்சில் கையோடு எழுந்து ஓடினார்கள். லாரி நகர்ந்தது, வண்டி நுழைந்தது. பிள்ளைகள் இரண்டும் ஏணியில் இறங்கி வந்ததை என் கண்ணால் பார்த்தேன். நடுத்தெருவில் நின்று அழுதேன்.

"அது சரி, வண்டி கேறாத்தது சேச்சிக்கு எங்ஙன தெரிஞ்சது?" என்று கேட்டார் சுகுமாரன் சேட்டன். தெருவே பதிலுக்குக் காத்து நின்றது.

"ரேடியோவில கேட்டேன்" என்றேன்.

அன்று சாயங்காலமே ஸ்கேனர் கடைப் பெட்டிக்குள் போய்விட்டது. "ஏட்டி, நாளைக்குப் போலீசு வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்ல?" என்று வீட்டுக்காரர் பூட்டினார்.

"கேட்டது தப்புன்னு அந்தப் பிள்ளைங்க அம்மைகிட்டப் போய் நீங்களே சொல்லிட்டு வாங்க. அப்புறம் பூட்டுங்க" என்றேன்.

அவர் போகவில்லை. மறுநாள் காலையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஸ்கேனர் இருந்தது.

ஆறேழு வருஷம் ஓடியது. ஒரு நாள் தும்மலும் இல்லை, குரலும் இல்லை... தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும். தம்பிக்குப் போன் போட்டேன். "எல்லாம் டிஜிட்டல் ஆயிட்டு அக்கா. வெளியாளு யாரும் கேக்க முடியாம பூட்டுப் போட்டாச்சு. இனி அதத் தூர எறி" என்றான்.

எறியவில்லை. ஆம்புலன்ஸில் போகிற யாரோ ஒரு நோயாளியின் பேரும் முகவரியும் எனக்குத் தெரிய வேண்டாம். அதைப் பூட்டட்டும், நியாயம். என் தெரு எரிவதும் எனக்குத் தெரியக் கூடாதா? வந்த கோபத்தில் நாற்பத்தாறு வயதில் ஹாம் ரேடியோ பரீட்சைக்குப் படித்தேன். அதில் தேறினால் என்னை மாதிரி தனி ஆட்களும் லைசென்ஸோடு வயர்லெஸ்ஸில் தங்களுக்குள் கேட்கலாம், பேசவும் செய்யலாம்.

பரீட்சை ஹாலில் எல்லாம் காலேஜ் பையன்கள். "மோனைக் கொண்டாக்க வந்ததா?" என்று, மகனைக் கொண்டுவிட வந்த அம்மா என்று நினைத்துக் கேட்டார் மேற்பார்வையாளர்.

"இல்ல சார், எழுத வந்தேன்."

பாஸாகி லைசென்ஸும் வந்தது. மொட்டைமாடிக்கு ஆன்டெனா குழாயைத் தூக்கி வந்தவர்கள் சுகுமாரன் சேட்டனும் ஆட்களும். அதைப் பிடித்துக்கொண்டு நின்றவர், ஸ்கேனரைப் பூட்டி வைத்த அதே மனுஷர்.

இப்போது பின்தெருவில் என்ன நடந்தாலும் வாட்ஸ்அப்பில் வருகிறது... எல்லாம் முடிந்த பிறகு, வீடியோவாக. ஜலதோஷக்காரர் ரிட்டயர் ஆகியிருப்பார். அந்தத் தும்மல் இல்லாமல் என் மதியங்கள் வெறிச்சென்றுதான் இருக்கின்றன, பொய் சொல்ல மாட்டேன்.

ஸ்கேனர் இன்னும் அடுப்படியில் ஓடுகிறது. விமான நிலையத்து டவர்க்காரர்கள் மட்டும் இன்னும் பூட்டவில்லை. அதையும் ஒரு நாள் பூட்டிவிடுவார்கள் என்கிறான் தம்பி.

பூட்டட்டும். பக்கத்து மேஜையில் என் மைக் இருக்கிறது. அன்று கேட்டதற்கே வீட்டில் பயந்தோம். இன்று பட்டனை அழுத்தி, என் பேரைச் சொல்லி, சாலையிலிருந்து பேசுகிறேன் என்றுதான் ஆரம்பிக்கிறேன்.