அஞ்சரைக்கு வந்த அம்மா

அம்மாவுக்கு அருள்புரத்தில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்குத்தான் விடுவார்கள். அப்பா பல்லடத்தில் தறிக்குப் போனவர், வாரத்துக்கு ஒருமுறை வருவார். நான் ஐந்தாவது படித்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் நானும் போனும்தான். தனியாக இருக்கிற பிள்ளை, ஒரு அவசரத்துக்கு ஆகட்டும் என்று அம்மா தன்னுடைய டச் போனை என்னிடம் விட்டுவிட்டு, பழைய பட்டன் போனை எடுத்துக்கொண்டு போவாள். அவசரம் ஒன்றும் வரவில்லை. வீடியோதான் வந்துகொண்டே இருந்தது.

ஒரு திங்கட்கிழமை அஞ்சரைக்கே வேலை முடித்து வந்து நின்றாள். இனி ஒரு ஷிப்ட்தான், சூப்பர்வைசரிடம் பேசிவிட்டேன் என்றாள். கிளம்பும்போது கூட இருக்கிறவர்கள், "கலெக்டரம்மா கெளம்பிட்டாங்க, வழி உடுங்க" என்று கேலி பேசினார்களாம். அதைச் சொல்லும்போது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் தலை நிமிரவில்லை.

அன்றைக்கு வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டாள். போனைப் பார்த்துக்கொண்டே தின்றேன். செவ்வாய்க்கிழமை தலை பின்னிவிட்டாள். அவள் ஒரு பக்கம் இழுக்க, நான் போன் பக்கம் திரும்ப, வகிடு கோணலாகப் போனது. புதன்கிழமை, கம்பெனியில் ஒரு இந்திக்காரப் பெண் அடித்த கூத்தைச் சொன்னாள். சொல்ல முடியாமல் சிரித்தாள். நான் "ம்" போட்டேன். என்ன கூத்து என்று பல வருடம் கழித்துக் கேட்டேன். அவளுக்கும் மறந்துபோயிருந்தது.

வியாழக்கிழமை வந்து வெகுநேரம் என் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"நாளையிலிருந்து பழையபடி ஒண்ணரையே போயிக்கட்டுமா கண்ணு?" என்றாள்.

"போங்கம்மா. நான் இருந்துக்குவேன்."

"செரி கண்ணு."

எனக்குத் தொந்தரவு விட்டது போலிருந்தது. வெள்ளிக்கிழமை அவள் வந்தபோது மணி ஒன்பது.

இப்போது நானும் கம்பெனிக்குப் போகிறேன். அவசர ஆர்டர் ஓடும்போது சூப்பர்வைசர் முன்னால் போய் நின்று, அஞ்சரைக்கு விடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வராது. அம்மா கேட்டிருக்கிறாள்.

அந்த வியாழக்கிழமை அவள் போகலாமா என்று கேட்கிறாள் என்றுதான் நினைத்தேன். வேண்டாம் என்று நான் சொல்வேனா என்று பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரியவில்லை.