முத்துலட்சுமியின் செடிகளும் என் ஒரு கரண்டி உரமும்

முத்துலட்சுமி இறந்துவிட்டார் என்று அவர் மகள் செல்வி போனில் சொன்னபோது நான் உடனே நம்பவில்லை. "யாரும்மா பேசுறது, இது யார் நம்பர்?" என்று இரண்டு முறை கேட்டேன். செம்பூர் செடி நர்சரியில் முத்துலட்சுமியோடும் என்னோடும் வேலை பார்த்தவர்களுக்கு என் குணம் தெரியும். மூட்டையில் வரும் மண்ணைக்கூட மோந்து பார்த்துத்தான் இறக்கச் சொல்வேன்.

அவர் தாராவியிலிருந்து தினமும் இரண்டு கேன் தண்ணீரோடு வருவார். குடுவைக்குள் பூச்சியை விழவைத்துத் தின்னும் செடிகள் நாற்பது அவர் பொறுப்பில் இருந்தன. அவற்றுக்கு அந்தத் தண்ணீர் மட்டும்தான். நர்சரியில் குழாய் இருக்க, இது எதற்கு? ஏதோ மருந்து கலக்கிறார் என்று ஒரு காலை அவர் பின்னாலேயே போனேன். கிங்ஸ் சர்க்கிளில் ஒரு கிளினிக்கின் பின்சுவரில், ஏசி தண்ணீர் சொட்டும் குழாய்க்குக் கீழே கேனை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"கொழா தண்ணில உப்பு கெடக்கு அண்ணாச்சி, இதுகளுக்கு ஆகாது. கேட்டிருந்தா நானே சொல்லிருப்பேம்லா" என்றார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அப்படியும் புத்தி வரவில்லை. மண்ணே இல்லாமல் பாசியிலும் தேங்காய் நாரிலும் வளர்த்தார். உரத்தைக் கண்ணில் காட்டமாட்டார். "வேரு தண்ணி குடிக்கத்தான் அண்ணாச்சி. சத்த அது எல வழியா பூச்சி பிடிச்சு எடுத்துக்கிடும்" என்பார். நான் வேறு மாதிரி நினைத்தேன். செடியைப் பட்டினி போட்டு, சீக்கு என்று கழித்து, உல்லாஸ்நகரில் கடை வைத்திருக்கும் தன் சொந்தக்காரருக்குத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று. அவர் அம்பர்நாத்துக்குக் கல்யாணத்துக்குப் போன அன்று, நாற்பது தொட்டியிலும் தலா ஒரு கரண்டி உரம் போட்டேன்.

பத்து நாளில் எல்லாம் கருகின. வெளியே உப்பு கூடினால் வேர் தண்ணீரைக் குடிக்க முடியாது, வேரிலிருந்தே தண்ணீர் வெளியேறும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அவை ஒரு கல்லூரிக் கண்காட்சிக்குப் போக வேண்டிய செடிகள். முதலாளி சேட் சத்தம் போட்டார். "மேரா கல்தி ஹை சேட், பானி பதல் கயா" என்றார் முத்துலட்சுமி. தண்ணீர் மாறிவிட்டதாம், தப்பு தன்னுடையதாம். நான் பக்கத்தில் நின்று செடி வெட்டும் கத்தரியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

அதன்பின் அவரைச் செடிகள் பக்கம் விடவில்லை. ஆறு வருடம் பின்கட்டில் பைகளுக்கு மண் அள்ளிப் போட்டார். நிஜமாகவே தண்ணீரைத்தான் சந்தேகப்பட்டாரா, இல்லை என்னைக் காப்பாற்றினாரா? டீ கொண்டுவந்து தரும்போதெல்லாம் அவர் முகத்தைத் துருவிப் பார்ப்பேன். ஒன்றும் பிடிபடாது.

மயானத்தில்கூட ஒருவர், "செடியெல்லாம் சாகவிட்டாங்களே, அந்தம்மாதானே?" என்று கேட்டார். முத்துலட்சுமியைத் தெரிந்த எல்லோருக்கும் இப்போது சொல்கிறேன். அவரல்ல, நான்.

பதினாறாம் நாள் செல்வி ஒரு சிறிய தொட்டியைக் கையில் கொடுத்தாள். வீட்டு ஜன்னலில் அவர் தனியாக வளர்த்த குடுவைச் செடி. ஆஸ்பத்திரியில் இருந்தபோது எழுதி ஒட்டச் சொன்ன சீட்டு அதில் இருந்தது: "இது அண்ணாச்சிக்கு. உரம் போட்டுராதீங்க. எந் தப்புன்னு சேட்டுகிட்ட சொல்ல இந்தத் தடவ நான் இருக்கமாட்டேன்."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். செடி இப்போது என்னிடம் இருக்கிறது. சீட்டை நான் கிழிக்கவில்லை.