வைஃபை வராத அரை மணித்தியாலம்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. பின்னேரம் நாலு மணிக்கு, உவர்மலையில் என் பக்கத்து வீட்டுப் புஷ்பராணி அக்கா, லண்டனில் இருக்கும் தன் அண்ணனோடு வீடியோவில் கதைக்க வேண்டும்.

அண்ணன் ஆஸ்பத்திரியில். மூச்சு எடுக்கவே கஷ்டம். அன்றைக்குத் தொண்டைக்குள் குழாய் போடப் போகிறார்கள். அதற்குப் பிறகு பேச முடியாது. அதற்கு முன் ஒரு பதினைந்து நிமிடம்... அங்கே ஒரு நர்ஸ் ஏற்பாடு செய்து, என் ஈமெயிலுக்கு லிங்க் அனுப்பியிருந்தார்.

ஏன் எனக்கு? அக்காவிடம் இருப்பது ஒரு பட்டன் போன், ஒரு பழைய லேப்டாப். அந்த லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக் கொடுத்ததே நான்தான். "வைரஸ் வராது அக்கா, நல்லா ஓடும்" என்று பெருமை வேறு. ஓடியது. இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் அண்ணனும் தங்கையும் அதில்தான் கதைத்தார்கள்.

அன்று காலை நான் ஒரு வேலை செய்தேன். முக்கியமான அழைப்பாயிற்றே என்று சிஸ்டம் முழுவதையும் அப்டேட் பண்ணி வைத்தேன். யார் கேட்டார்கள்?

மூன்றே முக்காலுக்குத் திறந்தால், வைஃபை அடையாளமே இல்லை.

கமாண்ட் அடித்துப் பார்த்தேன். நெட்வொர்க் கார்ட் உள்ளே இருக்கிறது. அதை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள்தான் புதிய அப்டேட்டோடு ஒத்துப்போகவில்லை. டிரைவரை மறுபடி போட இன்டர்நெட் வேண்டும். இன்டர்நெட் வர டிரைவர் வேண்டும். கேபிள் செருகலாம் என்றால், அந்த மாடலில் அதற்கு இடமே இல்லை.

என் போனில் தேடினேன். யாரோ ஒருவர் வழி எழுதியிருந்தார். வீட்டுக்கு ஓடி, ஃபைலை இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து போட்டேன். எரர். இன்னொரு ஃபைலும் வேண்டுமாம். மறுபடி ஓட்டம்.

அக்கா நல்ல சேலை கட்டி, கதிரையை லேப்டாப்புக்கு நேரே இழுத்துப் போட்டு இருந்தார். மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்.

"சரிவருமோ தம்பி?"

"ஓம் அக்கா. இன்னும் ரெண்டு நிமிஷம்."

எத்தனை இரண்டு நிமிடம்! ஒன்றை ஒப்புக்கொள்கிறேன் – அந்த நேரத்தில் எனக்கு அண்ணனும் நினைவில் இல்லை, ஆஸ்பத்திரியும் நினைவில் இல்லை. அந்தக் கார்டை எப்படியாவது வேலை செய்ய வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

நாலரைக்கு அக்கா மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, உங்கட போனில கதைக்க ஏலாதோ?"

என் கை அப்படியே நின்றுவிட்டது. லிங்க் ஈமெயிலில். ஈமெயில் போனில். போன் என் கையில்.

பத்து விநாடியில் நர்ஸ் திரையில் வந்தார். அவருடைய ஆங்கிலம் அக்காவுக்குப் பிடிபடவில்லை. "என்னவாம்?" என்றார்.

"அண்ணருக்கு மருந்து குடுத்தாச்சாம் அக்கா. நித்திரையாம்."

அக்கா போனை வாங்கி, திரையில் தெரிந்த மூடிய கண்களைப் பார்த்தார். "அண்ணை, நான் ராணி. வந்திட்டன்" என்றார். நாலாம் நாள் அண்ணன் போய்விட்டார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அக்கா சொன்னார், "தம்பி பாவம், அண்டைக்கு எவ்வளவு பாடுபட்டவர். அண்ணர் நித்திரையாப் போனா அவர் என்ன செய்யிறது?" நான் தலையைக் குனிந்துகொண்டு தேத்தண்ணி குடித்தேன்.

கம்ப்யூட்டர் தெரிந்த எங்களுக்கு ஒரு வியாதி இருக்கிறது. பழுதைக் கண்டால் போதும், யாருக்காகத் திருத்துகிறோம் என்பது மறந்துபோகும்.

அன்று நர்ஸ் சொன்னதில் பாதியைத்தான் நான் தமிழில் சொன்னேன். மீதி இதுதான். அண்ணன் நாலேகால் வரைக்கும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். தங்கை வருவாள், கொஞ்சம் பொறுங்கள் என்று இரண்டு தடவை மருந்தைத் தள்ளிப்போடச் சொன்னாராம்.

இதைச் சொல்ல மூன்று தரம் அக்காவின் வீட்டு வாசல் கேற் வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன்.

வாராவாரம் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை அக்கா ஒரு வாரமும் தவறவிடுவதில்லை. இன்று முழுக்க நான் வீட்டில்தான் இருப்பேன்.