பல்லுக்கு மாற்று தேடிய சந்தானம்

ஏணியில் நிற்கும் எலக்ட்ரீஷியனுக்கு இரண்டு கை போதாது. ஒரு கை சுவரைப் பிடிக்க வேண்டும், ஒரு கை ஒயரை இழுக்க வேண்டும். ஒயரின் தோலை உரிக்க மிச்சமிருப்பது வாய்தான். சந்தானம் கடிப்பார், இழுப்பார், துப்பிவிடுவார். மதுரையில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். பல் டாக்டர்களும் பிழைக்க வேண்டாமா?

1998-இல் நாகமலை புதுக்கோட்டையில் ஒரு புது வீட்டில், இழுத்த இழுப்பில் முன்பல் ஒயரோடு போய்விட்டது. டாக்டர் புதுப் பல் கட்டி, "இதுல சாப்பாடு மட்டும்தான். ஒயரக் கடிச்சீங்க, கையோட வந்துரும்" என்றார். பழக்கம் விடுமா? மறுபடி கடித்தார், பல் ஆடியது. பிறகு சிரித்தாலே கழன்றுவிடுமோ என்று பயம் வந்துவிட்டது. தெருமுனை வரை கேட்கும் சிரிப்பு அவருடையது. இப்போதோ சிரிப்பு வந்தால் துண்டை வாயில் வைத்து அமுக்கினார்.

மனைவி நாகமணியால் பொறுக்க முடியவில்லை. அவரை டவுன்ஹால் ரோட்டில் பால்பாண்டியின் எலக்ட்ரிக்கல் சாமான் கடைக்கு இழுத்துப் போனாள்.

"அண்ணே, ஒரே அமுக்கு. தோல் தானா உரிஞ்சிரும்" என்று ஒயர் உரிக்கும் பெரிய ஸ்ட்ரிப்பர் ஒன்றை நீட்டினார் பால்பாண்டி.

"இம்புட்டுப் பெருசு சுவிட்ச் பெட்டிக்குள்ள எங்க தம்பி போகும்?"

அடுத்ததில் ஒயர் மாறும்போதெல்லாம் திருகைத் திருப்ப வேண்டும். இன்னொன்றால் நாகமணியே உரித்து, செம்பு இழைகளை விரித்துப் பார்த்தாள். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் விரல்களிடம் எதுவும் தப்பாது.

"ரெண்டு இழை அறுந்துருச்சு. வேணாம்."

சௌராஷ்டிரக் குடும்பங்களுக்குக் கடைகளில் ஒரு வசதி உண்டு. கடைக்காரரை முன்னால் வைத்துக்கொண்டே வீட்டு மொழியில் கலந்து பேசி முடிவெடுக்கலாம். நாகமணியும் அந்தத் தைரியத்தில் தமிழை விட்டு வீட்டு மொழியான சௌராஷ்டிரத்துக்கு மாறினாள்.

"கடிக்கிறதவிட இது சுலபம்னு உங்க கைக்குத் தோணணும். இல்லேன்னா நான் அங்கிட்டுத் திரும்புனதும் கடிப்பீங்க." அவள் குரல் இறங்கியது. "நீங்க வாய்விட்டுச் சிரிச்சு எம்புட்டு நாளாச்சு? வீடு வீடாவே இல்ல. எனக்கு அந்தச் சிரிப்பு வேணும்."

சந்தானம் தலையைக் குனிந்துகொண்டார்.

பால்பாண்டி உள்ளே போய் ஒரு சின்ன ஸ்ட்ரிப்பரோடு வந்தார். ஒவ்வொரு ஒயருக்கும் அளவாக ஒரு பள்ளம். பிடியைத் தளர்த்தினால் ஸ்பிரிங் தானே திறந்துவிடும். கூடவே, ஒயர் முனையில் லக் என்கிற உலோகப் பூணை மாட்டி அமுக்க ஒரு கிரிம்பர். முழுக்க அமுங்கினால்தான் அது பிடியை விடும்.

நாகமணி ஒயரைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்க, சந்தானம் ஒற்றைக் கையால் உரித்தார், லக்கை மாட்டி அமுக்கினார். ஓர் இழையும் அறவில்லை. அவள் லக்கைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை.

"இதுதான்" என்றாள், வீட்டு மொழியிலேயே.

பால்பாண்டி இரண்டையும் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, அதே மொழியில் சொன்னார்: "அந்தச் சிரிப்பையும் இங்கனயே சோதிச்சுப் பாத்துட்டுக் கூட்டிட்டுப் போங்கக்கா."

நாகமணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "ஆத்தி! தம்பி, உனக்கு எப்படி..."

"எங்கிட்ட வாரதுல பாதிப் பேரு உங்காளுகதானக்கா. எனக்கு முன்னாலயே என்னையத் திட்டுறத இத்தன வருசமாக் கேட்டுக்கிட்டுதான இருக்கேன்!"

சந்தானத்துக்கு வந்ததே சிரிப்பு! துண்டைத் தேடவும் நேரமில்லை. ரோட்டில் போனவர்கள் நின்று கடைக்குள் எட்டிப் பார்த்தார்கள். வெட்கத்தை மறந்து நாகமணியும் முந்தானையை விலக்கி அவர் வாயையே பார்த்தாள். பல் அதன் இடத்தில்தான் இருந்தது.